கெமர் எழுத்து: சித்தூர்த் தமிழருக்கு எவ்வளவு தூரம்?

சித்தூர், புத்தூர், நகரி, திருப்பதிப் பக்கத் தமிழர்களில் பலருக்கு இரண்டு எழுத்துகள் கைவசம் உண்டு. பள்ளியிலும் பேருந்துப் பலகையிலும் தெலுங்கு, வீட்டில் தமிழ். கம்போடியாவின் கெமர் மொழியை எழுதப் படிக்கக் கற்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வழியில் சில நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன.

நம்பிக்கை: கெமர் எழுத்து தமிழ் எழுத்துதான்; பார்த்தவுடன் படித்துவிடலாம்.

பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து அது வளர்ந்தது என்பது உண்மை. ஆனால் அது வடமொழி எழுதப் பயன்பட்ட பல்லவ கிரந்தத்தின் கிளை. தமிழில் ‘க’ ஒன்றுதான். கெமரிலோ கிரந்தத்தையும் தெலுங்கையும் போல ககரத்துக்கு நான்கு எழுத்துகள், பிறகு ங. அப்படியே ச வர்க்கம், ட வர்க்கம் என்று வரிசை போகும். தெலுங்கு ஓனமாலு படித்த குழந்தைக்கு இந்த வரிசை புதிதல்ல.

கிரந்தத்தைக் கல்லில் பார்க்கத் திருப்பதிக்காரர் கடல் கடக்க வேண்டியதில்லை. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் உள்ளது. 10-ஆம் நூற்றாண்டில் போக சீனிவாசரின் வெள்ளித் திருமேனியை அளித்த பல்லவ குலத்துச் சாமவையின் கொடையைச் சொல்வதும் தமிழ்க் கல்வெட்டே. இப்படிப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளில் வடசொல் வரும் இடங்களில் கிரந்த எழுத்து கலந்து நிற்கும். கெமருக்கு உறவு சொல்ல வேண்டுமானால் அந்தக் கலப்பு எழுத்துகளைத்தான் காட்ட வேண்டும்.

நம்பிக்கை: அங்கே ஆண்ட வர்மன்கள் எல்லாம் நம் பல்லவர்கள், எழுத்தை அவர்கள்தான் புகுத்தினார்கள்.

காஞ்சியில் ஒரு மகேந்திரவர்மன் இருந்த காலத்தை ஒட்டியே கம்போடியாவிலும் சித்திரசேனன் என்னும் அரசன் மகேந்திரவர்மன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். இருவரும் வேறு வேறு ஆட்கள். ‘வர்மன்’ அன்று கடல் கடந்தும் பரவியிருந்த அரசப் பட்டம். எழுத்து வணிகரோடும் அந்தணரோடும் துறவிகளோடும் போயிற்று. அதை எடுத்துத் தங்கள் மொழிக்குப் பொருத்தியவர்கள் கெமர் மக்களே. அங்கோர் போரேயில் கிடைத்த, ஆண்டுக் குறிப்புள்ள மிகப் பழைய கெமர்மொழிக் கல்வெட்டின் காலம் 611. அந்த உழைப்பின் பெருமையை நாம் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

நம்பிக்கை: எழுத்து உறவென்றால் மொழியும் உறவு.

மொழி வேறு. கெமர் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. வியட்நாமியம் அதன் உறவு. இந்தியாவில் காசியும் சந்தாலியும் முண்டாரியும் அதே குடும்பம். ஆந்திரத்திலேயே, ஸ்ரீகாகுளம் மலைப்பக்கத்துச் சவர மக்களின் மொழி கெமருக்கு ஒன்றுவிட்ட உறவு. பேச்சுத் தெலுங்குக்காகப் போராடிய கிடுகு வெங்கட ராமமூர்த்தி தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டு இலக்கணமும் அகராதியும் செய்தது இந்தச் சவர மொழிக்குத்தான். அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 29 தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று சவர மொழிப் பணியையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நம்பிக்கை: எழுபத்து நான்கு எழுத்து! உலகிலேயே நீளமான நெடுங்கணக்கு, நமக்கு ஏறாது.

இந்தப் பயம்தான் அதிகம் பேரை விரட்டுகிறது. தனியே நிற்கும் உயிர், மெய்யோடு ஒட்டும் உயிர்க்குறி என எல்லாவற்றையும் கூட்டிய எண்ணிக்கை அது. இன்று வழக்கில் உள்ள மெய்கள் 33. 247 என்று எண்ணிப் பழகிய நாம் அஞ்ச வேண்டிய தொகையா இது?

மெய்யெழுத்துக் கூட்டுக்கு இரண்டாவது எழுத்து சிறுத்து முதலெழுத்தின் அடியில் போகும். தெலுங்கு ஒத்து தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும். தமிழ் இன்னொன்று தருகிறது. ‘கோ’ எழுதும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வருகிறதே, கெமரிலும் ஓகாரம் அப்படியே மெய்யை இருபுறமும் அணைத்து நிற்கும். தெலுங்கில் இது கிடையாது.

உண்மையான சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய ககர வரிசையில் மூன்றாம் எழுத்தின் அதிர்வொலி காலப்போக்கில் போய்விட்டது. முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் இன்று ‘க்’ என்றே ஒலிக்கின்றன. வேற்றுமை உயிரில் குடியேறிவிட்டது. அதனால் மெய்கள் இரு கணமாகப் பிரிந்தன. ஒரே ‘ஆ’ குறி முதல் எழுத்தோடு சேர்ந்தால் ‘கா’. மூன்றாம் எழுத்தோடு சேர்ந்தால் ஏறத்தாழ ‘கியா’. ‘பாஷா’ என்று எழுதியிருப்பதை அவர்கள் ‘பியேசா’ என்று படிப்பது இதனால்தான். ‘குரு’விலிருந்து வந்த ஆசிரியர் சொல் ‘க்ரூ’. சுவன் நாத் பிக்கு 1938-இல் வெளியிட்ட அகராதி வடமொழி, பாலி வேரைக் காட்டும் எழுத்துக்கூட்டலை நிலைநிறுத்தியது. எனவே கண்ணுக்குத் தெரிந்த சொல்கூடக் காதுக்குப் புதிதாக இருக்கும்.

தெலுங்கு மட்டும் தெரிந்தவர் இங்கே எழுத்தை நம்பி உச்சரித்துத் தடுமாறக்கூடும். தமிழரோ ‘கல்’, ‘பகல்’, ‘பங்கு’ மூன்றிலும் ஒரே எழுத்தை மூன்று விதமாக ஒலிப்பவர். இடம் பார்த்து ஒலி அறியும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. கணம் இரண்டையும் சோடி சோடியாக உரக்கப் படித்தால் போதும். தொனி மொழி என்ற பயமும் வேண்டாம். கெமருக்குத் தொனி கிடையாது.

நம்பிக்கை: அது கோயில் சுவர் மொழி, கல்வெட்டுப் படித்தால் போதும்.

ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி அது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சி பள்ளிகளை மூடி, கற்றவர்களைப் பெருந்தொகையில் கொன்றது. அதற்குப் பிறகு மிஞ்சிய ஆசிரியர்கள் மீண்டும் எழுத்தறிவித்தார்கள். ஆகவே கற்பவர் கல்லைவிட்டு அந்நாட்டு முதல் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்கட்டும். அதன் பாட எழுத்தும், தலைப்புகளிலும் பெயர்ப்பலகைகளிலும் வரும் ‘அக்சர் மூல்’ என்ற உருண்டை எழுத்தும் வடிவில் வேறுபடும். ஒன்றைப் படித்தவர் மற்றதில் திணறுவது இயல்பு. சொற்களுக்கிடையே இடைவெளி இராது, வாக்கியமோ தொடரோ முடியும் இடத்தில்தான் வரும். ஆகவே சொல்வளம் சேராமல் வேகம் வராது. எழுத்தும் சொல்லும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து நடக்க வேண்டும்.