ஒலி நாடகம்: நம்மூரிலிருந்தே தயாரிக்க

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ இருந்தபடி ஒலி நாடகம் எழுதித் தயாரிக்க ஸ்டுடியோ வேண்டாம். ஒலி பதியச் செல்போனும் நல்ல காதும் போதும்.

முதல் நாடகத்தைப் பத்து நிமிடத்துக்குள், மூன்று குரல்களோடு முடியுங்கள். சில்லையூர் செல்வராசன் இலங்கை வானொலிக்கு எழுதிய ‘தணியாத தாகம்’ யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில்தான் மனங்களைப் பிடித்தது. உங்கள் பாத்திரங்களும் நம்மூர்ப் பேச்சே பேசட்டும். ராஜபாளையத்து வீட்டுத் தெலுங்கு இடையே வந்தாலும் அழகுதான்.

ஓசைகளை நேரில் பதியுங்கள். பால்கோவா கிண்டும் இடத்தில் அனுமதி கேட்டு, வாணலிக்கு ஒரு முழம் தள்ளி போனைப் பிடியுங்கள். பால் கொதிக்கையில் ஒரு சத்தம். கெட்டிப்பட்டதும் கரண்டி அடியைச் சுரண்டுவது வேறு சத்தம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், வசனமில்லாமலே நேரம் கடந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தின் ஓசையையும் பதியாமல் விடாதீர்கள்.

வசனம் பதிகையில் மின்விசிறியை அணைத்து, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் பேசுங்கள். மில்லுக்குப் பக்கத்து வீடு சரிவராது. பதிந்ததைக் கணினியில் வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம்.

பிறர் கதை என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாட்டுடைமையான புதுமைப்பித்தன் கதைகளுக்கு அது தேவையில்லை. நடித்தவர்களுக்குப் பேசிய தொகையை, நாடகத்தை வெளியிடும் முன்பே கொடுத்துவிடுங்கள்.