பழையன கொண்டு ஒரு பள்ளித் தோட்டம்

நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். எங்கள் பள்ளியில் சமையல் கூடத்துக்கும் வடக்குச் சுவருக்கும் நடுவே 4 சென்ட் அளவில் ஓர் இடம் வெறுமனே கிடந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் அதைத் தோட்டமாக்க முனைந்தேன். கைப்பேசியில் பார்த்த படங்களைப் போலவே பழைய டயர்களுக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என வண்ணம் பூசி வரிசையாக வைத்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

ஐப்பசி மழை வந்தது. டெங்கு தடுப்புப் பணிக்கு வந்த சுகாதாரப் பணியாளர் ஒரு டயரைச் சாய்த்து, உள்விளிம்பில் தேங்கியிருந்த நீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். கொசுப் புழுக்கள் நெளிந்தன. "டீச்சர், ஏழாம் வகுப்புல கொசுவோட வாழ்க்கைச் சுழற்சி நீங்கதானே நடத்துறீங்க?" என்று கேட்டார். கேலியாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அன்று மாலையே டயர்களை அகற்றினோம்.

அந்தத் தோல்வியும், அதன்பின் நான் செய்த இன்னொரு பெரிய தவறும்தான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம். பழைய பொருள்களைக் கொண்டு தோட்டம் அமைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு அவை பயன்படும்.

வகுப்பில் நான் கேட்ட கேள்வி

அடுத்த ஆண்டு அழகை விட்டுவிட்டுப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என முடிவு செய்தேன். ஏழாம் வகுப்பில், "யார் வீட்டில் பழைய பொருள் இருக்கிறது?" என்று கேட்டேன். வகுப்பே திரும்பி ஒரு மாணவனைப் பார்த்துச் சிரித்தது. அவனுடைய அப்பா மூன்று சக்கர வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்பு எடுப்பவர். நான் யோசிக்காமல், "நல்லதாப் போச்சு, நீ அப்பாகிட்டக் கேட்டுக் கொண்டு வா" என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அப்பா பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, "குப்பை வேணும்னு கேட்டீங்களாம் டீச்சர். எங்கிட்டக் குப்பை இல்லை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை இருக்கு" என்றார். என்னிடம் பதில் இல்லை. "தப்பு என்மேலதாண்ணே" என்றேன்.

அவர் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கயிற்றில் கட்டிய ஒரு காந்தத்தைக் குவியலின் மேல் ஓட்டினார். ஒட்டியது ஒரு பக்கம், ஒட்டாதது ஒரு பக்கம். ஒட்டாததில் எடை குறைந்தது அலுமினியம். சந்தேகம் வந்தால் அரத்தால் ஒரு இழுப்பு. மேற்பூச்சுக்குக் கீழே மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சிவந்து தெரிந்தால் செம்பு. ஆறாம் வகுப்பில் நான் நடத்தும் காந்தவியலும் பொருள்களைப் பிரித்தலும் அந்தத் திண்ணையில் நடந்துகொண்டிருந்தன. "இதை எங்க பிள்ளைங்களுக்கு ஒருநாள் வந்து சொல்லித்தர முடியுமாண்ணே?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "பையன் சரின்னா வர்றேன்" என்றார். பையன் இரண்டு நாள் கழித்துச் சரி என்றான்.

ஒரு நாள் வகுப்பு

அவர் வந்த நாளில் மேசைமேல் 20 பொருள்களைப் பரப்பினோம். மாணவர்கள் முதலில் ஊகித்து எழுதினர். பிறகு காந்தத்தால் சோதித்தனர். எவர்சில்வர் பாத்திரங்களில்தான் எல்லாரும் தடுமாறினர். ஒரு கரண்டி ஒட்டியது, ஒரு டம்ளர் ஒட்டவில்லை. "ஒட்டாததுக்குத்தான் விலை கூட. அதுல நிக்கல் இருக்கும்" என்றார் அவர்.

உடனே ஒரு மாணவி எழுந்தாள். "இரும்பு, நிக்கல், கோபால்ட் மூணும் காந்தத்துல ஒட்டும்னு பாடத்துல இருக்கே மிஸ். இரும்போட நிக்கல் சேர்ந்தா இன்னும் நல்லாத்தானே ஒட்டணும்?" எனக்கு அப்போது விடை தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்றேன். அன்றிரவு படித்தேன். குரோமியத்துடன் போதிய அளவு நிக்கலும் சேரும்போது எஃகின் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறை மாறிவிடுகிறது. அந்த அமைப்பில் எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையைப் பெரும்பாலும் இழக்கிறது. அதாவது ஒரு கலவையின் பண்பு அதில் உள்ள தனிமங்களின் பண்புகளைக் கூட்டிப் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. 18 ஆண்டுகள் அறிவியல் நடத்திய பிறகு ஒரு மாணவியின் கேள்வியால் நான் கற்றது இது.

தோட்டத்துக்கு வந்த பொருள்கள்

அதன்பின் பொருள்கள் தாமாகவே வரத் தொடங்கின. ஒரு விதிதான் வைத்தோம். பொருளோடு அதன் வாழ்க்கைக் குறிப்பும் வர வேண்டும். பெயர் என்ன, எதனால் ஆனது, யார் பயன்படுத்தினார்கள், எதற்கு, ஏன் நின்றுபோனது என்ற ஐந்து கேள்விகளுக்கு வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும்.

மாட்டு வண்டிச் சக்கரம் ஒன்று வந்தது. சுவரோரம் சாய்த்து நிறுத்தி, அடியை மண்ணில் புதைக்கும் முன்பே கணக்கு வகுப்பு நடத்திவிட்டோம். கயிற்றால் அளந்தபோது சுற்றளவு 441 செ.மீ., விட்டம் 140 செ.மீ. வகுத்தால் 3.15. பையின் மதிப்பை மாணவர்கள் முதன்முறை கையால் தொட்டார்கள். ஆரக்கால்கள் 12. அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 30 பாகை. மரச் சக்கரத்தின்மேல் இரும்புப் பட்டா எப்படி ஏறியது என்று ஒரு தாத்தா வந்து சொன்னார். பட்டாவைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்ததும் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்களாம். சுருங்கி இறுகிவிடும். வெப்ப விரிவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

துருப்பிடித்த டிரங்குப் பெட்டியின் அடியில் துளையிட்டு, ஓட்டாஞ்சில்லு பரப்பி, மண் நிரப்பிக் கற்பூரவல்லி வைத்தோம். வாய் உடைந்த மண்பானைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, நீர் ஊற்றி, தட்டால் மூடினோம். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து சுற்றியுள்ள கத்தரிச் செடிகளின் வேருக்குப் போகிறது. கோடை விடுமுறையில் தினமும் நீர் ஊற்ற ஆளில்லாத பள்ளிகளுக்கு இந்தப் பானைப் பாசனம் மிகவும் ஏற்றது.

படியும் மரக்காலும் வந்தன. எங்கள் படி 1.6 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்தது. 8 படி ஒரு மரக்கால் என்பதை மணலால் அளந்து சரிபார்த்தார்கள். இவற்றில் செடி வைக்கவில்லை. விதை எடுத்துவைக்கப் பயன்படுத்துகிறோம்.

ஒரு பாட்டி ஆட்டுக்கல்லைத் தந்தார். குழவியைத் தானே வைத்துக்கொண்டார். "குழியில மண்ணைப் போட்டுடாதே கண்ணு, மூணு தலைமுறைக்குச் சோறு போட்ட கல்லு" என்றார். அவர் சொன்னதை மதித்து, அதைப் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டியாக வைத்தோம். ஒவ்வொரு நாள் காலையும் குழியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். அந்தப் பொறுப்பை அந்த மாணவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

கவனிக்க வேண்டியவை

• மழைநீர் தேங்கும் எதுவும் கொசுவின் தொட்டில்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டைகள் காய்ந்த கலத்தின் சுவரில் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். துளையிடவும் மண்ணால் முழுதும் நிரப்பவும் முடியாத டயர், டப்பா வேண்டாம்.

• பூச்சிக்கொல்லி டப்பாக்கள், பழைய பேட்டரிகள், குழல்விளக்குகள், ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள், மருந்து பாட்டில்கள் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் ஏற்க வேண்டாம்.

• பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். மாணவர்களைச் சுரண்டச் சொல்லாதீர்கள். அத்தகைய கலங்களில் கீரை, காய்கறி வளர்க்காதீர்கள்.

• தகர விளிம்புகளை மடித்துத் தட்டிவிடுங்கள். வெட்டுதல், துளையிடுதல் பெரியவர்களின் வேலை. கனமான கல், சக்கரம் போன்றவை சாயாதபடி பதித்துவிடுங்கள்.

• பள்ளி இருப்புப் பதிவேட்டில் உள்ள உடைந்த மேசை, நாற்காலியைத் தலைமையாசிரியரின் அனுமதியின்றித் தொடாதீர்கள். வெளியிலிருந்து வரும் பொருள்களைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தெரிவித்து, கொடுத்தவர் பெயரோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

• எழுத்துப் பொறித்த கல், நடுகல், சிலை எதையாவது மாணவர்கள் கண்டால் அது தோட்டத்துக்கு உரியதன்று. இருந்த இடத்திலேயே விட்டு, வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.

சண்டிகரில் ஒரு சாலை ஆய்வாளர்

தோட்டம் பாதி வளர்ந்தபோது மாணவர்களுக்கு நேக் சந்த் கதையைச் சொன்னேன். 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பிரிவினையின்போது ஊரை இழந்து இந்தியா வந்தார். லெ கார்புசியே வடிவமைத்த சண்டிகர் நகரம் எழுந்துகொண்டிருந்தபோது அங்கே சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார். புதிய நகருக்காகப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், ஓடு, கல் எல்லாவற்றையும் வேலை முடிந்தபின் பொறுக்கினார். சுக்னா ஏரிக்கு அருகே, கட்டடம் கட்டத் தடை இருந்த காட்டுப் பகுதியில், 1957 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ 18 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்தார்.

1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, அரசு நிலத்தில் அனுமதியின்றி எழுந்ததால் இடிக்கப்படும் நிலை வந்தது. மக்கள் ஆதரவால் தப்பியது. 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்கு ஊதியமும் 50 தொழிலாளர்களும் தரப்பட்டார்கள். 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2015இல் மறைந்தார். ராக் கார்டன் எனப்படும் அந்தத் தோட்டம் இன்று சுமார் 40 ஏக்கரில் இருக்கிறது.

கதை முடிந்ததும் எங்கள் மாணவன் ஒரு கேள்வி கேட்டான். "அவரு பொறுக்கினப்ப யாராவது சிரிச்சாங்களா மிஸ்?" எனக்குத் தெரியாது என்றேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

பாடங்களோடு இணைக்க

தமிழில் 'நான் ஓர் ஆட்டுக்கல்' என்ற தன்வரலாற்றுக் கட்டுரை. வாழ்க்கைக் குறிப்பு கையில் இருப்பதால் யாரும் உரைநூலைப் பார்த்து எழுதுவதில்லை. அறிவியலில் ஆணிச் சோதனை. எண்ணெய் பூசியது, பெயின்ட் அடித்தது, எதுவும் பூசாதது, அதோடு ஓர் அலுமினியத் துண்டு ஆகிய நான்கையும் தோட்டத்தில் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை பார்த்துக் குறிக்கிறார்கள். சமூக அறிவியலில் கிரைண்டர், மிக்சி வந்தபின் வீட்டுப் பெண்களின் நேரம் எப்படி மாறியது என்று பேட்டி. தொடக்க வகுப்புகளுக்குப் பொருள்களை எண்ணுதல், வடிவம் காணுதல், பெயர் எழுதிய அட்டையைப் பொருளோடு பொருத்துதல் ஆகியவை போதும்.

அந்த மாணவன் இப்போது எட்டாம் வகுப்பு. படிப்பில் முதலிடம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். இன்னும் சில வாரங்களில் இரண்டு நாள் விடுப்பு எடுக்கிறான். ஆனால் வரும் நாளில் மணி அடிக்குமுன் வந்து ஆட்டுக்கல்லைக் கழுவுகிறான். பெயர்ப்பலகைகளில் பாதி அவன் கையெழுத்து. சென்ற மாதம் அவனுடைய அப்பா வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தி, பித்தளைக் கைப்பிடி போன ஓர் அரிக்கன் விளக்கைக் கொடுத்தார். அதன் வாழ்க்கைக் குறிப்பு அவனே எழுதியது. 'கொடுத்தவர்' என்ற இடத்தில் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'திரு.' போட்டிருந்தான்.

நீங்களும் தொடங்கலாம். முதல் பொருளைக் கேட்பதற்கு முன், கேட்கப்போகும் சொற்களை மட்டும் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். "யாரிடம் பழசு இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "உங்கள் வீட்டில் நீண்ட நாள் உழைத்த பொருள் எது?" என்று கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். எல்லாக் கைகளும் உயர்கின்றன.