நாலரைக் கட்டைக்கு ஆறு கட்டை உரைகல் ஆகுமா?

ஆத்தங்குடி
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி,

போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "இருக்கிறதிலேயே பெரிய ஹிட்டாப் பார்த்துத்தானேய்யா ரெஃபரன்ஸா வச்சேன். அப்புறமும் திருவிழா ஸ்பீக்கர்ல என் கிக் ஏன் பொதபொதன்னு ஊதிப்போச்சு?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நீ கிளம்பிவிட்டாய். பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் 'ஹிட்' என்ற சொல்லைத் தூக்கிப் போடு. ஒரு பாட்டு ஓடியதற்கு மெட்டு காரணமாக இருக்கலாம், கதாநாயகன் காரணமாக இருக்கலாம். உனக்கு வேண்டியது உரைகல். நீ வைத்தது சினிமாப் பாட்டு. அதில் குரல் நடுவில் உட்கார்ந்திருக்கும், மற்ற வாத்தியமெல்லாம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். உன் பாட்டிலோ குரலே இல்லை. கிக் டிரம்மும் பாஸும்தான் அங்கே எல்லாம்.

அதைவிடப் பெரிய பிழை சுருதியில் இருக்கிறது. உன் பாட்டு நாலரைக் கட்டை. அடி பாஸ் ஸ்வரம் சுமார் 46 ஹெர்ட்ஸ். நீ வைத்தது ஆறு கட்டை. அதன் அடி ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ். உன் அறை 12 அடி நீளம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை கச்சிதமாக அடங்குவது சுமார் 47 ஹெர்ட்ஸில். அந்த ஒலி சுவரோரம் பெருத்துக் கேட்கும், அறையின் நட்டநடுவில் வற்றிப்போகும். நீ மேசை போட்டிருப்பது நட்டநடுவில்! உன் பாஸ் உன் நாற்காலியில் மட்டும் கேட்கவில்லை. அந்தப் பாட்டின் பாஸ் தாராளமாகக் கேட்டது. நம்முடையது மெலிந்து கிடக்கிறதே என்று ஏற்றினாய், மறுபடியும் ஏற்றினாய். திருவிழாப் பொட்டலில் சுவர் ஏது? ஏற்றியதெல்லாம் அப்படியே வந்து கொட்டியது.

ரெஃபரன்ஸ் பாட்டின் பெரிய உபயோகமே, அதுவும் உன் பாட்டும் ஒரே அறையின் குறையைச் சுமந்து வருவதுதான். குறை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் ஒப்பிடும்போது கழிந்துவிடும். சுருதி விலகிப்போனால் கழியாது. வேகம் ஒத்துப்போகிறதா, வகை ஒத்துப்போகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பாஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று பார்ப்பவர் குறைவு. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. உன் சுருதியிலேயே தேடு. மிஞ்சினால் அரைக் கட்டை தள்ளிப் போ.

அடுத்தது சத்தம். நம் ஊர்த் தரைக்கல் பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நீ. ஈரத்தில் சிவப்பு கருத்துத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். காய்ந்த கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'கரைசல் கருத்துவிட்டது' என்று ஒருவன் சாயத்தைக் குறைத்தால், தரை முழுக்க வெளிறித்தான் போகும். உன் மிக்ஸ் ஈரக் கல். மாஸ்டரிங் முடிந்து வெளிவந்த பாட்டு காய்ந்த கல். நடனப் பாட்டுகள் பல மைனஸ் 8 எல்.யு.எஃப்.எஸ். என்ற சத்த அளவுக்கு உரக்க இருக்கும். உன் மிக்ஸ் மைனஸ் 16 இருந்தால், ரெஃபரன்ஸை 8 டெசிபல் இறக்கிவிட்டுக் கேள். உன்னுடையதை ஏற்றாதே. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பாஸ்தான் முதலில் மங்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. உரக்க ஒலிப்பது எப்போதும் செழிப்பாகத்தான் தோன்றும். அதை நம்பி ஏமாறாதே.

இனி நான் எல்லோரிடமும் சொல்லும் ஒரு இசைத்தட்டு. ஹிந்திப் பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் பம்பாயில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். ரோலண்ட் 808 தாளத்துக்கு, 303 பாஸுக்கு, ஜூபிட்டர்-8 ராகத்துக்கு. சிகாகோவில் ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் ட்ராக்ஸ்' அதே 303-ஐ முறுக்கிக்கொண்டு வந்தது 1987-ல். சிங்கின் தட்டை அன்று கேட்க ஆளில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இதை முதலில் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆதார சுருதி அசையாமல் நிற்க, 303 வழுக்கி வழுக்கி ஓட, மேலே ராகம் விரிகிறது. நீ செய்ய நினைப்பதும் இதுதானே! ராகத்துக்கும் பாஸுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அடி பாஸின் எடைக்கு அதை வைக்காதே. இசைத்தட்டில் பாஸ் மிஞ்சினால் ஊசி தாவும். அதனால் தட்டு வெட்டுகிறவர்கள் அதை அடக்கித்தான் வைப்பார்கள். ஒரு கேள்விக்கு ஒரு உரைகல். இடைவெளிக்கு ஒன்று, பாஸ் எடைக்கு இன்றைய பாட்டு ஒன்று, மேல் ஒலியின் பளபளப்புக்கு ஒன்று. மூன்று போதும். யூடியூபிலிருந்து உருவிய எம்பி3 வேண்டாம். காசு கொடுத்து முழுத்தரக் கோப்பாக வாங்கு.

இன்றைக்கே ஒன்று செய். மேசையை எதிர்ச் சுவரிலிருந்து நாலரை அடியில் உன் தலை வருகிற மாதிரி நகர்த்திப் போடு. திருவிழாவில் போட்ட அதே மிக்ஸை, எதையும் தொடாமல், ஒரு தடவை கேள். எத்தனை டெசிபல் கூடுதலாக ஏற்றியிருக்கிறாய் என்று உன் காதே சொல்லும். அந்த எண்ணை எனக்கு எழுது.

அன்புடன்,
ஐயா