கழுகுகள் வராத கோபுரம்

இறந்தவரின் உடலை மண்ணில் புதைப்பர், அல்லது நெருப்பிலிடுவர். இவ்விரண்டையும் விலக்கிய ஒரு சமூகம் பாரதத்தில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகிறது. பாரசீகத்திலிருந்து வந்து குஜராத் கடற்கரையில் குடியேறிய பார்சிகளே அவர்கள். ஜரதுஷ்டிரரின் நெறியைப் பின்பற்றும் இவர்களுக்கு நெருப்பும் நீரும் மண்ணும் புனிதமானவை. உயிர் நீங்கிய உடலால் அவற்றின் தூய்மை கெடலாகாது என்பது இவர்களின் கொள்கை.

எனவே உடலைப் பறவைகளுக்கு அளித்தனர். மும்பை மலபார் குன்றில், மரங்கள் அடர்ந்த டூங்கர்வாடியில், இதற்கென 'தக்மா' எனப்படும் அமைதிக் கோபுரங்கள் உள்ளன. இவை கூரையற்ற வட்டக் கல்கட்டடங்கள். உள்ளே வெளிவட்டம் ஆண்களுக்கும், நடுவட்டம் பெண்களுக்கும், உள்வட்டம் குழந்தைகளுக்கும் உரியவை. செல்வர், வறியவர் என்ற வேறுபாடு அங்கு இல்லை. பிணந்தின்னிக் கழுகுகள் சில மணி நேரத்தில் சதையை உண்டு முடிக்கும். வெயிலில் உலர்ந்த எலும்புகள் நடுவிலுள்ள கிணற்றில் சேர்க்கப்படும். அங்கிருந்து வெளியேறும் மழைநீரும் மணல், கரி ஆகியவற்றால் வடிகட்டப்படும். தன் உடலையே பிற உயிருக்கு உணவாக்குவதை இறுதித் தானமாகவே பார்சிகள் கருதினர்.

நோயுற்று இறந்த விலங்கின் உடலையும் இக்கழுகு அஞ்சாமல் உண்ணும். அதன் இரைப்பையிலுள்ள கடும் அமிலம் கொடிய கிருமிகள் பலவற்றை அழித்துவிடும். ஆனால் கிருமிகளை வென்ற இப்பறவை ஒரு மருந்திடம் தோற்றது.

வலியால் வருந்தும் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. மருந்தேற்ற சில நாட்களுக்குள் இறந்த மாட்டை உண்ட கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. இக்காரணம் 2004-இல் கண்டறியப்பட்டது. 100 சடலங்களில் ஒன்றில் அம்மருந்து எஞ்சியிருந்தாலே கழுகினம் அழியப் போதுமானது. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுக் கழுகுகள் நம் நாட்டில் 99.9 விழுக்காடு குறைந்தன.

அதன் விளைவு அமைதிக் கோபுரங்களையும் எட்டியது. கழுகுகள் வராததால், சூரிய ஒளியைக் குவித்து உடலை உலர்த்தும் கருவிகள் அங்கு அமைக்கப்பட்டன. மழைக்காலத்தில் அவற்றால் அதிகப் பயனில்லை. முன்னோர் விலக்கிய தகனத்தைப் பார்சிகளில் சிலர் ஏற்றனர். அவர்களுக்காக 2015-இல் வொர்லி மயானத்தில் பிரார்த்தனைக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. எது நெறி என்ற வினா அச்சமூகத்தில் பெரும் விவாதமாயிற்று.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்திய அரசு 2006-இல் தடை செய்தது. கழுகுகளைக் கொல்லும் வேறு சில மருந்துகளும் பின்னர் தடை செய்யப்பட்டன. ஹரியானாவின் பிஞ்சோரில் கழுகுகள் வளர்க்கப்படுகின்றன. ஆயினும் ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இப்பறவையினம் விரைவில் பெருகிவிடாது.

மாட்டின் வலியைத் தணிக்க எண்ணியது கருணையே. அக்கருணை கழுகைக் கண்டதில்லை. கழுகை நம்பியிருந்த மனிதரையும் கண்டதில்லை. ஓர் உயிருக்குச் செய்யும் நன்மை அதனைச் சார்ந்த பிற உயிர்களுக்கு என்னவாகும் என்று எண்ணிப் பார்ப்பதும் கருணையின் கடமையே.