தஞ்சையில் அடுத்து என்ன கச்சேரி?

கேள்வி: வேலை மாற்றலாகித் தஞ்சாவூர் வந்திருக்கிறோம். ஜனவரி முதல் இங்கே என்னென்ன இசை, நடன விழாக்களுக்குப் போகலாம்?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள்! முதலில் பக்கத்திலிருக்கும் திருவையாறு. 1847-இல் தியாகராஜர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி பெரும்பாலும் ஜனவரியில் வரும். அன்று காலை காவிரிக்கரையில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளையும் சேர்ந்து பாடுவார்கள். கட்டணம் கிடையாது, சீக்கிரம் போனால்தான் இடம். அங்குள்ள சமாதிக் கோயில், பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் செல்வத்தைச் செலவிட்டு எழுப்பியது. பெண்கள் அங்கே பாடத் தடை இருந்த காலத்தில் அதை எதிர்த்துப் போராடி வழி திறந்தவரும் அவரே. அவர் சிலை முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

அடுத்து மகா சிவராத்திரி. பெரிய கோயிலில் நாட்டியாஞ்சலி நடக்கும். சிதம்பரத்தில் இவ்விழா 1981 முதல் நடந்துவருகிறது.

மே மாதத்தை மெலட்டூருக்கு ஒதுக்குங்கள். நரசிம்ம ஜயந்தியையொட்டி அங்கே பாகவத மேளா. தெலுங்கு நாட்டிய நாடகம். பெண் வேடங்களிலும் ஆண்களே ஆடுவார்கள். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியின் ‘பிரகலாத சரித்திரம்’ விடிய விடிய நடக்கும். மொழி புரியாவிட்டாலும் போங்கள்; பாட்டும் அபிநயமும் கதையைச் சொல்லிவிடும்.

இவையெல்லாம் திதிப்படி வருபவை, ஆண்டுதோறும் தேதி மாறும். புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும் மூன்று நாட்களையும் குறித்துவையுங்கள். குழந்தைகளையும் அவசியம் அழைத்துப் போங்கள். கேள்வி ஞானத்துக்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது.