புகை மணி அடித்தால் மட்டும் போதுமா?



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மாமா லீவுக்கு வந்திருந்தார். அவர் வீட்டுக் கூரையில் ஒரு சின்ன வட்டப் பெட்டி இருக்கிறதாம். புகை வந்தால் 'கீ கீ' என்று கத்துமாம். அங்கே 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளில் இது கட்டாயம்.

"நமக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாமே, தீ பயமே இருக்காதே" என்றார் அம்மா. மாமா சிரித்தார். "அக்கா, அது தீயை அணைக்காது. நம்மள எழுப்பி விடும், அவ்வளவுதான்!"

மாமாவிடமும் அறிவியல் ஆசிரியரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

இதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் உள்ளே ஒளிக்கதிர் இருக்கும். புகைத் துகள் பட்டு ஒளி சிதறினால் மணி அடிக்கும். இருட்டு அறைக்குள் விழும் வெயிலில் தூசி தெரிகிறதல்லவா, அதே தத்துவம்தான். கொசுவத்தி பட்ட மெத்தை போல மெதுவாகப் புகைவதை இது சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

மற்றொரு வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் மிக மிகச் சிறிதளவு இருக்கும். அதனால் உள்ளே இருக்கும் காற்றில் லேசாக மின்சாரம் ஓடும். புகை நுழைந்தால் அது குறையும், உடனே மணி அடிக்கும். சுடர்விட்டு எரியும் தீயை இது சீக்கிரம் அறியும்.

எதெல்லாம் அதனால் முடியாது?

1. புகை அதனிடம் போய்ச் சேர வேண்டும். கதவு சாத்திய அறைக்குள் தீப்பிடித்தால் வெளியே இருக்கும் பெட்டிக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

2. பேட்டரி தீர்ந்தால் அது வெறும் டப்பா. தாளிக்கும் புகைக்கெல்லாம் கத்துகிறதே என்று பேட்டரியைக் கழற்றி வைப்பவர்களும் உண்டு. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். 10 ஆண்டுகள் ஆனால் பெட்டியையே மாற்ற வேண்டும்.

3. கேஸ் கசிந்தால் அதற்குத் தெரியாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பெட்டியோ கூரையில்! இங்கே நம் மூக்குதான் காவல்காரன். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு போன் செய்ய வேண்டும்.

4. நம்மைப் போன்ற பிள்ளைகள் அந்தச் சத்தத்திலும் தூங்கிவிடுவார்கள்! பிரிட்டனில் டண்டீ பல்கலைக்கழகம் செய்த சோதனையில், பெரும்பாலான சிறுவர்கள் எழுந்திருக்கவில்லை என்று 2017-ல் தெரிய வந்தது. அதனால் பெரியவர்கள்தான் பிள்ளைகளை எழுப்ப வேண்டும்.

மாமா கேட்ட கேள்வி

கடைசியாக மாமா, "சரி, மணி அடிச்சு எல்லாரும் எழுந்துட்டீங்க. கிரில் கேட் சாவி எங்கே?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ராத்திரி அப்பா பூட்டிவிட்டு சாவியை பீரோவுக்குள் வைப்பார். அப்பாவைத் தவிர யாருக்கும் அந்த இடம் தெரியாது. அப்பா வெளியூர் போகிற நாளில் எங்கள் கதி? நினைத்தாலே பயமாக இருந்தது.

இப்போது சாவி கேட்டுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில் ஆணியில் தொங்குகிறது. என் தங்கைக்கும் அது எட்டும்.

நண்பர்களே, கூரையில் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்று ராத்திரி வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "சாவி எங்கே?"

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி