இடது காலையும் பழக்குங்கள்



இம்மாதப் பாடத்துக்கு ஒரு புட்பால் கோச்சின் வாழ்க்கையை எடுத்திருக்கிறேன். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும், வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களும், வீட்டில் பிள்ளைகளை வளர்க்கிறவர்களும் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். "பாஸ்டர், பந்து விளையாட்டுக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில அம்மாமார் கேட்பீர்கள். பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதும்போது பந்தயச் சாலையைத்தான் எடுத்துப் பேசினார். நம்ம தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் சிலம்பம் என்ற வார்த்தையே வருகிறது. எடுத்துப் பாருங்கள்.

அந்த கோச்சின் பெயர் சையது அப்துல் ரஹீம். 1909ல் ஐதராபாத்தில் பிறந்தவர். இஸ்லாமியர். நம்ம கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல, ஆனாலும் கற்றுக்கொள்ள வேண்டியதை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கே புட்பால் ஆடினார், படித்து முடித்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமோவும் வாங்கினார். 1950 முதல் மரணம் வரைக்கும் ஐதராபாத் போலீஸ் அணிக்கும், அதோடு பல வருஷங்கள் இந்திய அணிக்கும் கோச். எல்லாரும் அவரை ரஹீம் சாகிப் என்றுதான் கூப்பிடுவார்கள். 2024ல் இவரைப் பற்றி 'மைதான்' என்று ஒரு இந்திப் படமே வந்தது. (பாஸ்டர் சினிமாவுக்குப் போகச் சொன்னார் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்!)

இவர் வேலை எப்படி இருந்தது என்று கவனியுங்கள். சாதாரணமாக ஒரு பையனுக்கு வலது கால் பலமாக இருந்தால், கோச் அந்த வலது காலையே இன்னும் பழக்குவார். ரஹீம் சாகிப் அப்படிச் செய்யவில்லை. பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்று சட்டம் வைத்துப் போட்டிகளை நடத்தினார். வலதுகால்காரன் இடது காலால்தான் ஆட வேண்டும். முதல் நாள் எல்லாரும் தடுமாறிச் சிரிப்புக்கு ஆளாகியிருப்பார்கள், சந்தேகமில்லை. அதேபோல, பந்தைத் தானே வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றி ஓடக்கூடாது, வந்த உடனே அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் போட்டி வைத்தார். நம்ம நாட்டில் அந்நாட்களில் தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு போகிறவனுக்குத்தான் கைதட்டல். அந்தக் கைதட்டல் ஆசையை எடுத்துப்போட்டு, குறுகிய பாஸ்களால் எல்லாரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தைப் பழக்கினார். பலன் என்ன? ஐதராபாத் போலீஸ் அணி 1950 தொடங்கி 1954 வரைக்கும் 5 வருஷம் தொடர்ச்சியாக ரோவர்ஸ் கோப்பையை வாங்கியது.

வாத்தியார்மாரே, பாட்டுப் பாடத் தெரிந்த பிள்ளையை எப்போதும் பாடவே விடுகிறோம். வாசிக்கத் தெரிந்தவனைத்தான் ஒவ்வொரு வாரமும் வாசிக்க எழுப்புகிறோம். கூச்சப்படுகிற பிள்ளை 10 வருஷம் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இடது கால் போட்டி எப்போது வைப்பீர்கள்?

ரஹீம் சாகிப்புக்கு எல்லாமே ஜெயமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1951ல் புதுடெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். மறு வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மவர்களை 10-1 என்று அடித்து அனுப்பியது. பத்து கோல்! நம்ம ஆட்டக்காரர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல், அந்தக் குளிர் தேசத்தில் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது. நாலே வருஷம். 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அவர்கள் சொந்த மண்ணிலேயே 4-2 என்று ஜெயித்து, அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிரே நின்றார்கள். முதல் கோலைப் போட்டதும் இந்தியாதான். கடைசியில் 4-1 என்று தோற்றார்கள், நாலாவது இடம் கிடைத்தது. ஒலிம்பிக் புட்பாலில் இந்தியா அதைவிட மேலே இதுவரை போனதில்லை.

இனி துளசிதாஸ் பலராம் கதைக்கு வருகிறேன். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பலராம் தமிழ்ப் பெற்றோருக்கு செகந்திராபாத் பக்கம் அம்முகூடாவில் பிறந்த பையன். ஏழ்மை என்றால் சாதாரண ஏழ்மை இல்லை. அவன் ஆடுகிறதை ரஹீம் சாகிப் பார்த்தார், ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வா என்று கூப்பிட்டார். தினமும் அவ்வளவு தூரம் வந்து போகப் பையனிடம் காசு இல்லை. கோச் என்ன செய்தார்? நிறைய புத்தி சொல்லி அனுப்பவில்லை. வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்தார். அவ்வளவுதான். அந்தப் பையன் 1956, 1960 இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடினார், 1962ல் தங்கமும் வாங்கினார். 2023 பிப்ரவரியில் 86 வயதில் காலமானார். திறமையுள்ள பையன் வரவில்லையே என்று நாம் வருத்தப்படுகிறோம், சிலசமயம் கோபமும் படுகிறோம். அவனுக்கு பஸ் காசு இருக்கிறதா என்று கேட்கிறோமா?

அடுத்தது கொஞ்சம் கசக்கும். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் இருந்தார், பலராம் இருந்தார், கோச்சின் சொந்த மகன் ஹக்கீமும் இருந்தார். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு என்று மூன்று ஆட்டங்கள். மூன்றிலும் ஹக்கீம் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். தகப்பன்தான் ஆளை இறக்குகிறவர். அவர் நினைத்திருந்தால் ஒரு ஆட்டத்திலாவது மகனை இறக்கியிருக்கலாம், கேட்கிறவர் யார்? இறக்கவில்லை. சபைகளில் தபேலா யாருக்கு, கீபோர்டு யாருக்கு, மைக் யாருக்கு என்று முடிவு பண்ணுகிற நாம் எல்லாரும் இந்தப் பாராவை இரண்டு தரம் வாசிக்கலாம். பாஸ்டர்மாரும்தான். அந்த மகன் இதனால் கெட்டுப்போகவும் இல்லை, பிற்காலத்தில் சர்வதேச ரெப்ரீயாக இருந்தார்.

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இதற்குள் ரஹீம் சாகிப்பின் சரீரத்தில் புற்றுநோய் வேலை செய்துகொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தார்கள், ஆனால் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த காயம், தையல் போடவேண்டி வந்தது. ஜப்பானையும் ஜெயித்தாயிற்று. தலையில் கட்டோடு நிற்கிற ஒருவனை நீங்களானால் என்ன செய்வீர்கள்? "போப்பா, போய் ரெஸ்ட் எடு" என்போம். இவர் அவரைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையில் கோல் போடுகிற இடத்தில் நிறுத்தினார். அவர் இளவயதில் அந்த இடத்திலும் ஆடிப் பழகியவர் என்பது கோச்சுக்குத் தெரியும். தன் ஆட்களைப் பற்றி அவ்வளவு தெரிந்து வைத்திருந்தார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று தாண்டினார்கள்.

செப்டம்பர் 4ம் தேதி பைனல், மறுபடியும் தென்கொரியா. மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனம், அத்தனை பேரும் இந்தியாவுக்கு விரோதமாகக் கூச்சல். இஸ்ரவேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்தியரான குரு தத் சோந்தி கேள்வி கேட்டார் என்பதால் வந்த கோபம் அது. ஆட்டக்காரர்களுக்கு இதில் என்ன பங்கு? ஒன்றும் இல்லை. ஆனால் கூச்சல் அவர்கள் காதில்தானே விழும். காய்ச்சலாய்க் கிடந்து எழும்பின கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் அன்று காவல் நின்றார். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்காக ஆடி வளர்ந்த உயரமான மனுஷன். 17ம் நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20ம் நிமிஷம் இரண்டாவது கோல். போட்டவர், தலையில் தையலோடு நின்ற ஜர்னைல் சிங். 2-1 என்று ஜெயம், தங்கம்.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11ம் தேதி ரஹீம் சாகிப் இறந்தார். வயது 53.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? 1970ல் பாங்காக்கில் ஒரு வெண்கலம், அத்தோடு ஆசிய விளையாட்டில் புட்பால் பதக்கம் இல்லை. 1960க்குப் பிறகு ஒலிம்பிக்குக்கு நம்ம புட்பால் அணி போகவே இல்லை. இதற்குப் பல காரணம் சொல்லுவார்கள்: பணம், மைதானம், கிரிக்கெட் மோகம், சங்கங்களின் சண்டை. என் எண்ணம் வேறு. ஆட்டக்காரர்களைத் தேடித் தேடி வளர்த்த தேசம், கோச்சுகளை அதே மாதிரி தேடி வளர்க்கவில்லை. ஒரு வாத்தியார் போனபோது அவர் பலகையை எடுத்து எழுத அடுத்த வாத்தியார் ஆயத்தமாக இல்லை. நம்ம கொண்டப்பநாயக்கன்பட்டியிலும் ஞாயிறு பள்ளி நடத்துகிற அக்காமார் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள், அவர்கள் வயதையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகுகிற வாலிபப் பெண்கள் எத்தனை பேர்?

வாலிபர் கூட்டத்துக்கு மலையடிவாரத்திலிருந்து வருகிற பையன்கள் ராத்திரி நடந்துதான் திரும்பிப் போகிறார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் ஓட்டாமல் நிற்கிற சைக்கிள் இருந்தால், டயர் போயிருந்தாலும் பரவாயில்லை, ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். ரிப்பேர் செலவை சபை பார்த்துக்கொள்ளும்.